ஒரே சொல், இரண்டு தரம்

வாசலில் மாட்டும் அறிவிப்புக்குச்
சொல்லுக்கு நாலு ரூபாய் என்று பேசி
நான் அனுப்பிய தமிழில்
"உங்கள் பாதுகாப்புக்காகவும் பாதுகாப்புக்காகவும்
பைகள் சோதிக்கப்படும்" என்றிருந்தது.

கொழும்பிலிருந்து போன் வந்தது.
தட்டச்சுப் பிழையா, மிஸ்?
ஒரே சொல்லுக்கு இரண்டு தரம் காசு கேட்கிறீங்களே.

பிழையில்லை, சேர்.
நீங்கள் அனுப்பியதில் சேஃப்டி ஒன்று, செக்கியூரிட்டி ஒன்று.
எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது.

காவல் என்று போடலாம்;
பொலிஸ் வந்து அந்த வரியில் குந்திவிடும்.
காப்பு என்று போடலாம்;
கையில் ஏறுவது வளையலா விலங்கா என்று கேட்பார்கள்.
பந்தோபஸ்து,
மந்திரி வரும் நாளில் மட்டும்
ஏ-ஒன்பது வீதியில் நிற்கிற சொல்.

கிளிநொச்சி தாண்டி பஸ்ஸில் இறங்கி
நேரே பார்க்கப் போனேன்.

உள்ளே, சேஃப்டி.
தையல் ஊசி முறிந்தால் மெஷின் நிற்கும்.
மேசைக்குக் கீழே, துணி மடிப்பில்,
காந்தக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தேடுவார்கள்.
நுனி, நடு, அடி எல்லாம் பொருத்தி
ஒரு கொப்பியில் செலோடேப் போட்டு ஒட்டி
திகதி, நேரம், லைன் நம்பர்.
ஒரு துண்டு குறைந்தாலும்
அந்தப் பெட்டிச் சட்டைகள் கப்பலேறாது.
எங்கோ குளிர்நாட்டில் ஒரு குழந்தையின் முதுகில்
குத்திவிடக் கூடாதாம்.
நல்ல விஷயம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.
கொப்பியைப் புரட்டினேன்:
ஒரு வருடத்தில்
காணாமற்போன ஊசி ஒன்றுமில்லை.

வாசலில், செக்கியூரிட்டி.
பின்னேரம் ஐந்தரை.
அற்புதராசாவின் கையில் கறுப்புத் தடி.
இசைவிழி வந்ததும் அது கத்துகிறது.
நேற்றும் கத்தியது. நாளைக்கும் கத்தும்.
இடது தோளில், எலும்போடு ஒட்டி,
மாத்தளனில் ஏறிய செல் துண்டு.
எடுத்தால் கை வழங்காது என்று
டொக்டர் விட்டுவிட்டாராம்.
அவள் பையைத் திறக்கிறாள்:
சோத்துப்பெட்டி, குடை, நாலு சேஃப்டி பின்.
அற்புதராசா வீதியைப் பார்க்கிறார்.
தோளில் கிடக்கிற துண்டுக்குக் கொப்பி இல்லை.

சேஃப்டி பின்னை எவரும் செக்கியூரிட்டி பின் என்பதில்லை.
அற்புதராசாவை எவரும்
சேஃப்டி என்று கூப்பிடுவதில்லை.
எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்:
ஒன்று, ஊசி என்னைக் குத்தாமல் பார்ப்பது.
மற்றது,
நான் ஊசியாக இருப்பேனோ என்று பார்ப்பது.

இதைச் சொன்னால் சொல்லுக்கு நாலு ரூபாய்ப்படி
தொண்ணூறு ரூபாய்கூட வராது.

திரும்பும் பஸ்ஸில் வேறொரு தாள் ஞாபகம் வந்தது.
எனக்குப் பதின்மூன்று வயது.
விசுவமடு தாண்டி நடக்கையில் வானத்திலிருந்து விழுந்தது.
பாதுகாப்பு வலயம் என்று தமிழில் அச்சு.
அம்மா அதை எட்டாக மடித்துச்
சட்டைக்குள் வைத்துக்கொண்டு
அது சொன்ன பக்கமே எங்களைக் கூட்டிப்போனா.

அதை மொழிபெயர்த்தவர்
ஏதோ ஒரு மேசையில்
எந்தச் சொல்லை முன்னால் வைத்து எழுதியிருப்பார்?
இரண்டாகப் பிரியுமிடத்தில்
என்னைப்போல் பேனாவைக் கடித்தாரா?
இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு
நேரமாகிவிட்டதா?

போர்ட் மாட்டியாயிற்று.
மாற்றவில்லை, இரண்டு தரமும் இருக்கிறது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
இசைவிழியிடம் கேட்டேன்:
இதில் ஏதும் பிழை தெரியுதா?
ஆறுதலாக, கடைசி எழுத்து மட்டும் வாசித்தாள்.
"பைகள் எண்டு போட்டிருக்கிறியள் அக்கா,
ஆக்கள் எண்டெல்லோ வரோணும்."

போன கிழமை காசு வந்தது.
பாதுகாப்புக்கு ஒரு தரம்தான் தந்திருக்கிறார்கள்.
எதற்கு என்று
பில்லில் இல்லை.